கேட்டை நட்சத்திரமும் சிங்கப்பூர்ப் பால்காரரும்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாள் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். வரி கோணும், நடந்தது முன்னே பின்னே ஆகும், சில பெயர்கள் மறந்தே போயின. நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைப் பிள்ளைகள், கப்பலேறிப் போய்த் திரும்பியவர்களில் ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று விடாமல் கேட்டார்கள். நாலு பேர் நடுவில் நின்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். குற்றம் பார்க்காதீர்கள்.

நான் சிங்கப்பூர் போனது ஐம்பத்தெட்டா ஐம்பத்தொன்பதா என்பது தெரியவில்லை. ஆடி மாதம் என்பது மட்டும் உறுதி. என் தங்கை மகள் தனலெட்சுமியைக் கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை செல்லையா அங்கே துறைமுகத்தில் வேலை. தாய் தகப்பன் இல்லை. வளர்த்து ஆளாக்கியது அவருடைய அண்ணன் வைரப்பன். ஜாதகம் கடிதத்தில் போய், பொருத்தம் கடிதத்தில் வந்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

இதில் ஒரு கள்ளம் இருந்தது. தனம் பிறந்தது கேட்டை நட்சத்திரத்தில். கேட்டையில் பிறந்த பெண் வாழப்போனால் புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது என்று சொல்வார்கள் அல்லவா, அதற்காகவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. பெண்ணுக்கும் வயது இருபத்துநாலு ஆகிவிட்டது. அவள் அப்பா ஜாதகத்தைத் திருத்தி அனுஷம் என்று எழுதி அனுப்பிவிட்டார். ஒரு நாள் முந்திப் பிறந்தால் குடியா முழுகிவிடும் என்றார். என்னிடமும் படித்துப் படித்துச் சொன்னார். கப்பலில் ஏழு நாளும் வாந்திக்கு நடுவே அனுஷம், அனுஷம் என்று சொல்லிப் பழகினேன்.

இறங்கிய அன்று எங்களை டிரைஷாவில் ஏற்றினார்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் தொட்டிலைக் கட்டியதுபோல ஒரு வண்டி. மிதிக்கிற சீனர் நம் பக்கத்திலேயே வருகிறார், மூச்சு வாங்குவது காதில் விழுகிறது, நமக்கு உட்காரவே கூச்சமாக இருக்கிறது. நான் பாதி வழியில் இறங்கி நடக்கிறேன் என்றேன். அவர் ஏதோ சொன்னார். செல்லையா தமிழில் சொன்னார், இறங்கினாலும் கூலி அதேதானாம்.

வீடு தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். வைரப்பன் பால்காரர். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு மாடு கட்டியிருந்தார். ஆள் வாசல் நிலையில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். மீசை இரண்டு பக்கமும் தனித்தனியாக வளர்ந்த ஜீவன் மாதிரி இருக்கும். மாமூல் கேட்டு வந்த ரவுடிகள் இரண்டு பேரை அவர் சாணிக் குழியில் இறக்கிவிட்டதாகச் சந்தில் கதை உண்டு. அவர் மனைவி சரசு ஒல்லியாக, வேகமாக, பேச்சில் கூர்மையாக இருப்பாள்.

மறுநாள் காலையில் கோப்பி கொடுத்தார்கள், அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பன்னிரண்டு மாட்டுக்காரர் வீட்டில் டின் பாலில் போட்ட கோப்பி. நான் டம்ளரையே பார்ப்பதைக் கண்டு சரசு சொன்னாள்: “எங்க பால் விக்கிறதுக்கு. குடிக்கிறதுக்கு டின்னுதான் லா.” ஆனால் ருசி நன்றாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

பக்கத்து வீட்டில் ஒரு சீன அம்மாள். எல்லோரும் ஆசோ என்று கூப்பிட்டார்கள். சோயாவை அரைத்துக் கட்டியாக்கி விற்கிறவர். அரைத்து மிஞ்சிய சக்கை வாளி வாளியாக வைரப்பனின் மாடுகளுக்கு வரும். பதிலுக்கு ஒரு செம்பு பால் போகும். இருவரும் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று மலாயில் சண்டை போடுவார்கள். சக்கை புளித்துவிட்டது என்று அவர், பாலில் தண்ணீர் என்று அம்மாள். தினமும் காலையில் இதைக் கேட்டால்தான் சந்தே விழித்தது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் ஆடி வெள்ளி. காளியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊரிலிருந்து வந்த பெண் பெயருக்கு வைரப்பனே தட்டு வாங்கி அர்ச்சனை கொடுத்தார். குருக்கள் பெயர் கேட்டார், தனலெட்சுமி என்றேன். நட்சத்திரம் கேட்டார்.

நான் அனுஷம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே அம்பாள். இருபத்துநாலு வருஷமாகத் தனத்தின் பிறந்தநாளுக்கெல்லாம் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன சொல் ஒன்றுதான். அது தானே வந்துவிட்டது. கேட்டை என்றேன். குருக்கள் அதை மணியோசையோடு உரக்கத் திருப்பிச் சொன்னார்.

வைரப்பன் கையிலிருந்த தேங்காய் விழுந்து உருண்டு ஒரு கிழவர் காலடியில் போய் நின்றது.

வீட்டுக்கு வந்து அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, “சம்பந்தி அம்மா, ரவுடிக்கு நான் பயந்தவன் இல்ல. இது வானத்துலேர்ந்து வர்றது. இத எப்படிங்க அடிக்கிறது?” என்றார். சரசு ஒரு மூலையில் நின்று, இவர் போய்விட்டால் பன்னிரண்டு மாட்டையும் தான் ஒருத்தியா கறப்பது என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கேள்வி மட்டும் மாடுகளைப் பற்றியே இருந்தது. அடுத்த கப்பலில் எங்களைத் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. கப்பலுக்குப் பதினைந்து நாள் இருந்தது. செல்லையா தன் அண்ணன் பேச்சைத் தட்டாதவர், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தனத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பாய் விரித்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க உண்மையச் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்ல பெரியம்மா. ஆனா நான் திரும்பிப் போனா அப்பா அடுத்த தடவ ரோகிணின்னு எழுதுவாரு. அந்த மாப்பிள்ளையத் தேடி உங்கள அமெரிக்காவுக்கே கூட்டிட்டுப் போகணும்.” சிரிக்கத்தான் சொன்னாள். விளக்கை அணைத்தபிறகு அவள் சிரித்த மாதிரி சத்தம் வரவில்லை.

மறுநாள் வைரப்பன் குருக்களிடம் போய், கேட்டை ஏன் மூத்தவனைப் பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறார். கேட்டை என்றாலே மூத்தவள், ஜேஷ்டை, பெயரிலேயே இருக்கிறது என்றாராம் குருக்கள். இதைக் கேட்டு அவருக்குப் பயம் தீரவில்லை, யோசனை பிறந்தது. பெயரில்தானே வினை? வேறு ஜனங்கள் அந்த நட்சத்திரத்துக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். அதில் மூத்தவன் இல்லாமல் இருந்தால் அந்தப் பெயரையே நாமும் வைத்துக்கொள்ளலாமே. நியாயமாகத்தான் எனக்கும் பட்டது.

அவரிடம் பால் வாங்குகிற சூசை வாத்தியார் பாயா லேபார் பக்கம் இருந்தார். மாதா கோயில்காரர், தமிழும் இங்கிலீஷும் படித்தவர், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வானத்தைப் பார்க்கிற தூரதரிசினிக் குழாய் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வைரப்பனும் செல்லையாவும் ஒரு டிரைஷா, நானும் தனமும் ஒரு டிரைஷா என்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாத்தியார் வீட்டில் ரொட்டியும் மீன் குழம்பும் கொடுத்தார்கள். நான் சைவம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டேன்.

முற்றத்தில் குழாயை நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். எனக்கு முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு கிடைத்தது. அடுப்பில் சாம்பலை ஊதினால் உள்ளே ஒரு கங்கு தெரியுமே, அப்படி ஒரு சிவப்பு, நடுங்கிக்கொண்டு. இதற்காகவா இரண்டு மாப்பிள்ளை தட்டிப்போனார்கள் என்று இருந்தது.

வைரப்பன் ஒற்றைக் கண்ணை மூடியபடியே, இதற்கு வெள்ளைக்காரன் என்ன பேர் வைத்திருக்கிறான் என்று கேட்டார். வாத்தியார் உற்சாகமாகப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தாரெசு என்று பேராம். கிரேக்க தேசத்தார் வைத்தது, செவ்வாய்க்குப் போட்டி என்று அர்த்தம், செவ்வாயைப்போலவே சிவப்பாக இருப்பதால்.

வைரப்பன் குழாயிலிருந்து கண்ணை எடுத்தார். “அப்ப செவ்வாய் தோஷமும் இருக்கா?”

வாத்தியார் பதறி, அராபியர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது என்றார். தேளின் இருதயம். வைரப்பன் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கை அப்புறம் இறங்கவே இல்லை.

பேரை விடுங்கள், அது என்ன வஸ்து என்று சொல்கிறேன் என்று வாத்தியார் ஆரம்பித்தார். நல்ல மனிதர். ஆனால் வாத்தியார்களுக்குத் தெரிந்ததைப் பாதியில் நிறுத்தத் தெரியாது. அது கிழட்டு நட்சத்திரமாம். வயதாக ஆக ஊதி ஊதிப் பெருத்துச் சிவந்துவிட்டதாம். ஒருநாள் வெடித்துவிடுமாம். நாங்கள் யாரும் வைரப்பனின் வயிற்றைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது பெரும் பாடாக இருந்தது.

“அது ஒண்ணு இல்ல வைரப்பன், ரெண்டு” என்றார் வாத்தியார். பெரியதற்குப் பக்கத்திலேயே சின்னது ஒன்று சுற்றுகிறதாம். பச்சையாகத் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். பெரியவனுடைய வெளிச்சத்தில் சின்னவன் மறைந்துபோகிறான், இந்தக் குழாய்க்கு அகப்படமாட்டான். சந்திரன் குறுக்கே வந்து மறைத்துவிட்டு விலகுகிறபோது மட்டும் சில சமயம் சின்னவன் முதலில் வெளியே வந்து ஒரு நொடி தனியாகத் தெரிவானாம். நம் கண்ணுக்கு எப்போதும் இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

வைரப்பன் மறுபடியும் குழாயில் கண்ணை வைத்தார். பிறகு, “பெரியவன் வெடிச்சா சின்னவன் என்னாவான்?” என்று கேட்டார். வாத்தியார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மூடினார். செல்லையா தன் அண்ணன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பும் வழியில் எங்களுக்கு முன்னால் போன வண்டியிலிருந்து துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் டிரைஷா டயர் வைரப்பன் பாரம் தாங்காமல் வெடித்திருந்தது. அவர் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “ஆரம்பிச்சிடிச்சு” என்றார். ஒட்டி முடியும் வரை டிரைஷாக்காரர் எங்கள் எல்லோரையும் ஒரு கோப்பிக் கடையில் உட்காரவைத்தார். அங்கே யாரோ வாங்கிப்போன கோப்பியைக் காலி டின்னில் ஊற்றி, கயிறு கட்டிக் கொடுத்தார்கள். தனம் அதைப் பார்த்துக்கொண்டே, ஊருக்குப் போனால் இதைத்தான் சொல்ல வேண்டும் பெரியம்மா என்றாள். போவது நிச்சயம் என்றே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

என் பெயர் இதுவரை எழுதவில்லை. தவிட்டம்மாள். வெளியே சொல்ல எனக்கு எப்போதும் வெட்கம். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று, என்னைப் பிறந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். விற்றுவிட்டால் எந்த வீட்டுக்கு வந்த வினையோ அது ஆளைத் தேடிவந்து ஏமாந்துபோகும் என்பது நம் பக்கத்துக் கணக்கு. வாங்கியவள் பேருக்கு அம்மா, பெற்றவளே வளர்ப்பாள். பள்ளிக்கூடத்தில் தவிடு தவிடு என்று கேலி செய்ததில்தான் எனக்கு நாலு பேர் நடுவில் நாக்கு எழாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் கொட்டகையில் வைரப்பன் மாட்டுக்குத் தவிடு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றபடி பேசினேன். முகத்தைப் பார்த்தால் வராது. “உங்களை வித்துட்டா என்னங்க? வித்த பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அப்ப செல்லையாவுக்கு நீங்க அண்ணனே இல்லையே” என்றேன். என் பெயரையும் சொன்னேன், எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். பார்க்கப்போனால் நான் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தேன், சாகவில்லை.

வைரப்பன் தவிட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நாற்பத்தைந்து வயதில் விற்கலாமா என்று கேட்டார். வயது வரம்பு ஒன்றும் நான் கேள்விப்பட்டதில்லை என்றேன்.

விற்பது சுலபமாக இல்லை. சந்தில் எந்தத் தமிழ் வீடும் அவரை வாங்கத் தயாராக இல்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவர்தான் மூத்தவர், வினை வழி கேட்டு வந்துவிடும். பிள்ளை இருக்கிற வீட்டிலும் எல்லாம் சின்னப் பிள்ளைகள், வயதில் அவர்தான் பெரியவர். ஒரு வீட்டில், சாப்பாடும் நாங்கள்தான் போட வேண்டுமா என்று விசாரித்தார்கள்.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஆசோ என்ன கலாட்டா என்று கேட்டார். செல்லையா மலாயில் சொல்லச் சொல்ல அம்மாள் சிரிக்கவில்லை. அந்த நட்சத்திரத்தைத் தனக்குத் தெரியும் என்றார். சீனத்தில் அதற்குப் பெரிய நெருப்பு என்று பெயர், ஏழாம் மாதம் அது மேற்கே சாய ஆரம்பித்தால் குளிருக்குத் துணி தைக்க வேண்டும் என்று அவர் அப்பா சொல்வாராம். “முப்பது வருஷமா இங்க பார்க்கிறேன். அது சாயுது, குளிர் வரல. அந்த நட்சத்திரம் சொல்றது இந்த ஊர்ல செல்லாது.” வைரப்பனுக்கு இது பிடித்திருந்தது. சரசுதான் ஒப்பவில்லை, செல்லாது என்பதை யார் எழுதிக் கொடுப்பது என்றாள்.

அப்போது ஆசோ, தங்கள் பக்கத்திலும் நோஞ்சான் பிள்ளையை வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடவைப்பார்கள் என்றார். கொஞ்ச நேரம் வைரப்பனை மேலும் கீழும் பார்த்தார். நடக்கச் சொன்னார், நடந்தார். வைரப்பன் மாடு வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பாராம், பக்கத்து வீட்டிலிருந்து அம்மாள் கவனித்திருக்கிறார்.

“எனக்கு ரெண்டாவது பையன் ஒருத்தன் இருந்தான்” என்றார் ஆசோ. “ஜப்பான்காரன் காலத்துல போயிட்டான். ரெண்டாவது இடம் காலியா இருக்கு.”

செல்லையா அதைத் தமிழில் சொன்னபோது மாடுகள் கூட அசைபோடுவதை நிறுத்தியதுபோல இருந்தது. ஆசோவின் மூத்த மகன் ஆலெங் லாரி ஓட்டுகிறவன், வயது முப்பது. வைரப்பன் அவனைவிடப் பதினைந்து வயது பெரியவர் ஆயிற்றே என்று நான் தயங்கிக் கேட்டேன். வீட்டுக்கு முதலில் வந்தவன்தான் மூத்தவன், இவன் இன்றைக்குத்தான் வருகிறான் என்று அம்மாள் தீர்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் விற்றோம். பெற்றவர்கள் இல்லாததால் விற்கிற உரிமை தம்பிக்கு வந்தது. செல்லையா தன் அண்ணன் கையைப் பிடித்து வேலியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஆசோ வாசலில் நிறுத்தினார். சந்து முழுக்கக் கூட்டம். ஆசோ சோயாச் சக்கை ஒரு வாளி வைத்திருந்தார். தவிடுதான் ஆகும் என்று நான் சொன்னேன், எனக்கே என் குரல் கேட்டு ஆச்சரியம். அம்மாளிடம் தவிடு ஏது? வைரப்பன் கொட்டகைக்கு ஓடி, சொந்த மூட்டையிலிருந்தே படியில் அளந்துகொண்டு வந்து கொடுத்தார். தலை தட்டாமல் குவித்து அளந்திருந்தார். ஆசோ அதை வாங்கிச் செல்லையாவிடம் நீட்டினார். செல்லையாவுக்குக் கை வரவில்லை. வேட்டித் துணியில் வாங்கிக்கொண்டார், பாதி கீழே சிந்திற்று.

“அம்மான்னு சொல்லு” என்றார் ஆசோ மலாயில்.

வைரப்பன் சொன்னார்.  அம்மாள் உடனே தன் முதல் கட்டளையைப் போட்டார்: இனி பாலில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது, யாரும் அதுவரை யோசிக்கவில்லை. தகப்பன் ஸ்தானத்தில் மணவறையில் நிற்க வேண்டியவர் வைரப்பன். அவர் இப்போது அண்ணன் இல்லையே. நின்றால் விற்றது பொய்யாகிவிடும். தூரத்துச் சித்தப்பா ஒருவரைப் பிடித்து நிறுத்தினோம். வைரப்பன் வந்தவர்கள் வரிசையில், ஆசோவுக்கும் ஆலெங்குக்கும் நடுவில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வயதிலிருந்து தூக்கி வளர்த்த தம்பி தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்துவிட்டார். ஆலெங் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். மூத்தவன் சொன்னால் கேட்க வேண்டுமாம்.

ஆசீர்வாதத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வரிசையாக விழுந்துகொண்டு வந்தார்கள். வைரப்பன் முன்னால் வந்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார். “என் கால்ல எதுக்குப்பா விழறீங்க. நான் பக்கத்து வீட்டுக்காரன்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்சதையை அங்கிருந்தே வீசினார். ஒரு மணி கூடத் தவறவில்லை, அவ்வளவும் செல்லையா தலையில் விழுந்தது. தனம் அந்த இடத்தில் யாருக்கென்று சொல்லாமல் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் அடுத்த கப்பலில் தனியாகத் திரும்பினேன். தனத்துக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பத்து வருஷம் ஆகிறது, வைரப்பன் கல்லுக்குண்டாக இருக்கிறார். ஊருக்குள் கொட்டகை வைக்கக்கூடாதென்று சர்க்கார் சொன்னதில் மாடுகளைத்தான் விற்க வேண்டிவந்தது. சீன வருஷப் பிறப்புக்கு ஆரஞ்சு எடுத்துக்கொண்டு முதலில் ஆசோ காலில் விழுவாராம், மூத்தவன் என்று ஆலெங் அவருக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பானாம். போன மாசி மாதம் ஆசோ காலமானதாகத் தனம் எழுதியிருந்தாள். அவர்கள் துக்க வழக்கப்படி சணல் துணி உடுத்திப் பாடைக்குப் பின்னால் ஆலெங்குக்கு அடுத்தபடி நடந்தது வைரப்பனாம். ரெண்டாவது மகன் யாரென்று ஒருவரும் கேட்கவில்லையாம். அந்தக் கடிதத்தின் கீழே வைரப்பன் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். அம்மா போய்விட்டதால் விற்றது செல்லுமா, செல்லாதா? தம்பி வீட்டு விசேஷத்துக்கு முன்வரிசைக்குப் போகலாமா?

பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. ஆடி மாதம் விளக்கு வைத்தபிறகு வாசலில் நின்று தெற்கே பார்க்கிறேன். சிவப்பு ஒன்றுதான் தெரிகிறது.

இதைப் படிக்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். கிரேக்கப் பெயரை நான் சரியாக எழுதினேனா தெரியாது. விற்ற பிள்ளை வாங்கியவள் போனபிறகு யாருக்குப் பிள்ளை என்று சாஸ்திரத்தில் இருந்தால் அதையும் எழுதுங்கள், சீக்கிரம். பக்கத்தில் ஒரு பச்சைச் சின்னது உண்டென்று வாத்தியார் சொன்னாரே, அது நிஜமா, இன்னும் கூடவே இருக்கிறதா? இருக்கிறதென்றால் வைரப்பனுக்கு அதை மட்டும் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.